பழைய ஸ்போர்ட்ஸ் கார்: நீங்கள் விலை கொடுப்பது வண்டிக்கா, சான்றிதழுக்கா?

கைப்பேசியில் கார் விளம்பரங்களைத் தள்ளிக்கொண்டே போகிறீர்கள். திடீரென்று விரல் நின்றுவிடுகிறது. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, மடக்கக்கூடிய கூரை, தேவைப்படும்போது மட்டும் மேலே எழும் முன்விளக்குகள். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. வயதில் உங்களைவிட மூத்த கார்! விலை 80,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

"காடி சூப்பரா இருக்கு. இன்னிக்கே ரெண்டு பேர் பார்க்க வர்றாங்க" என்கிறார் விற்பவர். உடனே முன்பணம் கட்டிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். அந்த 80,000 வெள்ளியில் காருக்கு எவ்வளவு, காகிதத்துக்கு எவ்வளவு? சிங்கப்பூரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோரும் விற்போரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

விலைக்குள் இரண்டு விலை

மற்ற பல நாடுகளில் பழைய காரின் விலை என்றால் அது காரின் விலைதான். இங்கே அப்படி இல்லை. 1990இலிருந்து, சாலையில் ஓடும் காருக்கு சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழ் தேவை. அதன் ஆயுள் 10 ஆண்டு. அது முடிந்ததும் காரைப் பதிவு நீக்கம் செய்யவேண்டும். அல்லது பிகியூபி எனப்படும் 3 மாதச் சராசரிக் கட்டணத்தைச் செலுத்திச் சான்றிதழைப் புதுப்பிக்கவேண்டும். அப்படிப் புதுப்பித்துவிட்டால், 10 வயதுக்குள் பதிவு நீக்கம் செய்யும் கார்களுக்குக் கிடைக்கும் பார்ஃப் கழிவு போய்விடும்.

ஆக, 30 வயதைத் தாண்டிய ஒரு எம்எக்ஸ்-5இன் விலையில் இரண்டு பங்குதான் உண்டு. ஒன்று, சிஓஇயில் மிஞ்சியிருக்கும் காலம். இன்னொன்று, கார். முதல் பங்கு ஒவ்வொரு நாளும் கரைந்துகொண்டே போகும். இரண்டாவது பங்கு பராமரிப்பைப் பொறுத்து நிலைக்கலாம், ஏறலாம், துருப்பிடித்தும் போகலாம்.

சிஓஇ விலை எப்படி ஆடும் தெரியுமா? சிறிய கார்களுக்கான 'ஏ' பிரிவில் 2008 நவம்பரில் ஓர் ஏலத்தில் அது வெறும் 2 வெள்ளி! 2023 அக்டோபரில் அதே பிரிவில் 106,000 வெள்ளி. கார் மாறவில்லை, காகிதத்தின் விலைதான் மாறியது.

ஒரு சின்னக் கணக்கு

எண்கள் கற்பனைதான், ஆனால் கணக்குப் போடும் முறை உண்மையானது.

அந்த 80,000 வெள்ளி காரின் உரிமையாளர், 4 ஆண்டுக்குமுன் 60,000 வெள்ளி கட்டி 10 ஆண்டுக்குப் புதுப்பித்திருக்கிறார். இன்னும் 6 ஆண்டு பாக்கி. இன்றே பதிவு நீக்கம் செய்தால், மிஞ்சிய காலத்துக்கு ஏற்ப ஏறக்குறைய 36,000 வெள்ளி திரும்பக் கிடைக்கும். அதுதான் 'காகித மதிப்பு'. கார் ஓடாவிட்டாலும் அந்தத் தொகை உண்டு.

இப்போது பிகியூபி 90,000 வெள்ளி என்று வையுங்கள். இன்றைய விலையில் 6 ஆண்டுக்கான பங்கு 54,000 வெள்ளி. விற்பவர் இந்த எண்ணைத்தான் மனத்தில் வைத்திருப்பார். "இன்னிக்குப் புதுப்பிச்சா எவ்வளவு ஆகும் தெரியுமா?" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

அப்படியானால் காரின் உடலுக்கு அவர் கேட்பது எவ்வளவு? காகித மதிப்பைக் கழித்தால் 44,000 வெள்ளி. இன்றைய சிஓஇ விலையைக் கழித்தால் 26,000 வெள்ளி. பேரம் பேசவேண்டிய இடம் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். 6 ஆண்டு ஓட்டி முடித்தபிறகு கார் ஒன்றுக்கும் ஆகாது என்று வைத்தால், ஆண்டுக்குச் சுமார் 13,300 வெள்ளி தேய்மானம். மாதத்துக்கு 1,100க்கு மேல். பெட்ரோல், காப்புறுதி, கார் நிறுத்தக் கட்டணம், பழுதுபார்ப்பு எல்லாம் தனி. 10 வயதைத் தாண்டிய கார்களுக்குச் சாலை வரியும் கூடுதல். 10 விழுக்காட்டில் தொடங்கும் அந்த மிகைவரி ஆண்டுதோறும் ஏறி 50 விழுக்காட்டில் நிற்கும்.

5 ஆண்டா, 10 ஆண்டா? கட்டாயம் கேளுங்கள்

சிஓஇயை 5 ஆண்டுக்கும் புதுப்பிக்கலாம், கட்டணம் பாதிதான். ஆனால் அதற்குப்பிறகு மறுபடியும் புதுப்பிக்க முடியாது. கார் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் சரி, எவ்வளவு அபூர்வமானது என்றாலும் சரி, அந்தத் தேதியில் அது பதிவு நீக்கம் செய்யப்படவேண்டும். 10 ஆண்டுக்குப் புதுப்பித்த காரை மீண்டும் மீண்டும் புதுப்பிக்க முடியும்.

விளம்பரத்தில் 'சிஓஇ இன்னும் 3 ஆண்டு' என்று மட்டும் இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அது 10 ஆண்டுச் சான்றிதழின் கடைசி 3 ஆண்டா, 5 ஆண்டுச் சான்றிதழின் கடைசி 3 ஆண்டா? முதலாவது என்றால், நீங்கள் வாங்குவது தொடரக்கூடிய ஒரு கார். இரண்டாவது என்றால், முடிவுத் தேதி எழுதப்பட்ட கார். அதன் உடலுக்கு 20,000 வெள்ளி கேட்டால், அந்தப் பணம் எங்கே போகும் என்று யோசியுங்கள்.

இஞ்சின் அளவும் முக்கியம். எம்எக்ஸ்-5 முதலில் 1,597 சிசி இஞ்சினுடன் வந்தது. பின்னர் 1,839 சிசி இஞ்சினும் வந்தது. தோற்றத்தில் இரண்டும் அண்ணன் தம்பி. ஆனால் 1,600 சிசி என்பது சிஓஇ பிரிவுகளின் எல்லைக்கோடு. முதலாவது 'ஏ' பிரிவு, இரண்டாவது 'பி' பிரிவு. புதுப்பிக்கும்போது கட்டணம் மாறும். "கொஞ்சம் கூடுதல் சக்தி இருந்தா நல்லதுதானே" என்பதற்குமுன் இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காரின் உடலுக்கு என்ன விலை?

காகிதத்தைக் கணக்குப்பொறி சொல்லிவிடும். உடலைக் கண்ணும் காதும்தான் சொல்லவேண்டும். உலகெங்கும் பழைய கார்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் மூன்றைத்தான் பார்க்கிறார்கள்: நிலை, அசல்தன்மை, வரலாறு.

நிலை என்றால் பளபளப்பு அல்ல. புதுச் சாயம் பூசினால் எந்தக் காரும் பளபளக்கும். எம்எக்ஸ்-5இல் பார்க்கவேண்டியது துரு. கூரையிலிருந்து வடியும் மழைநீர் வெளியேறச் சிறு துளைகள் உண்டு. அவை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குக் கீழுள்ள பகுதியில் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கும். பின்சக்கர வளைவுகளுக்கு முன்னால் விரலால் தட்டிப் பாருங்கள். சாயம் உப்பியிருந்தால் உள்ளே கதை வேறு. இருக்கைக்குப் பின்னாலுள்ள விரிப்பைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆரம்பகால 1.6 லிட்டர் இஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனை தேயும் பிரச்சினை பெயர்போனது. அதைப் பழக்கப்பட்ட மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

அசல்தன்மை என்றால், தொழிற்சாலையில் பொருத்திய பாகங்கள் இன்னும் இருக்கின்றனவா என்பது. இளவயதில் டர்போ, சத்தமான புகைப்போக்கி, பெரிய சக்கரம் எல்லாம் கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் கார் வயதாக வயதாக, மாற்றப்படாத கார்தான் அபூர்வம். அபூர்வத்துக்குத்தான் விலை. அதோடு, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளுக்கு உட்படாத மாற்றங்கள் இருந்தால் சோதனையில் தேற முடியாது. 10 வயதைக் கடந்த கார்களுக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு, மறக்கவேண்டாம்.

வரலாறு என்றால் ரசீதுகள். "ரொம்ப நல்லா பார்த்துக்கிட்டேன்" என்ற சொல்லுக்கு விலை இல்லை. எந்த ஆண்டு டைமிங் பெல்ட் மாற்றியது, எந்தப் பட்டறையில் கிளட்ச் மாற்றியது என்று தேதியோடு காட்டும் ஒரு கோப்புக்கு விலை உண்டு.

ஏன் சில கார்கள் விலை ஏறுகின்றன?

எம்எக்ஸ்-5 ஒன்றும் அபூர்வமான கார் இல்லை. 1989இல் அறிமுகமாகி, 2016இல் பத்து லட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. ஆனால் சிங்கப்பூரின் கணக்கு வேறு. இங்கே 3 வயதுக்கு மேற்பட்ட காரை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய முடியாது. 35 வயதை எட்டிய பழம்பெரும் கார்களுக்கு மட்டும் விதிவிலக்கு.

இதன் பொருள் என்ன? 1999இல் வெளியான ஹோண்டா எஸ்2000 காரை எடுத்துக்கொள்ளுங்கள். 2034 வரை வெளியிலிருந்து ஒன்றுகூட உள்ளே வராது. இங்கே ஒன்று உடைக்கப்பட்டால் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது, அவ்வளவுதான். உள்ளூரில் மிஞ்சியிருப்பவற்றுக்குக் கிராக்கி ஏற இதுவும் ஒரு காரணம்.

முதல் எம்எக்ஸ்-5கள் இப்போது 35 வயதைத் தாண்டிவிட்டன. அந்த வயதை எட்டிய கார்கள் பழம்பெரும் வாகனத் திட்டத்தில் சேரலாம். சிஓஇயிலும் சாலை வரியிலும் பெரிய சலுகை. ஆனால் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். தினமும் வேலைக்குப் போக ஆசைப்படுவோருக்கு இது சரிவராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஓட்டினால் போதும் என்பவருக்கு இது வேறு கணக்கு. 33, 34 வயதுக் காரை வாங்கும்போது இந்த வாய்ப்பையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

பணம் கைமாறுவதற்குமுன்

முதலில், சுதந்திரமான சோதனை. விக்கம், எஸ்டிஏ போன்ற சோதனை நிலையங்கள் வாங்குவதற்குமுன் காரைப் பரிசோதித்துத் தரும். விற்பவர் மறுத்தால், அதுவே உங்களுக்கு ஒரு பதில்.

இரண்டாவது, கடன். சிங்கப்பூர் நாணய ஆணைய விதிப்படி வாகனக் கடன் விலையில் 60 அல்லது 70 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அதிகபட்சம் 7 ஆண்டு. காரின்மீது விற்பவருக்கே கடன் பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

மூன்றாவது, காப்புறுதி. பழைய கார்களுக்கு முழுக் காப்புறுதி கிடைப்பது எளிதல்ல. கிடைத்தாலும், இழப்பீடு 'சந்தை மதிப்பா', முன்கூட்டியே 'ஒப்புக்கொண்ட மதிப்பா' என்று பாருங்கள். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இரண்டாவதுதான் பாதுகாப்பு. வாங்கியபிறகு அல்ல, வாங்குவதற்குமுன் விசாரியுங்கள்.

நான்காவது, யாரிடம் வாங்குகிறீர்கள்? 2012இல் நடப்புக்கு வந்த 'லெமன்' சட்டம் பழைய கார்களுக்கும் பொருந்தும். ஆனால் விற்பவர் வணிகராக இருக்கவேண்டும். தனிநபரிடம் நேரடியாக வாங்கினால் விலை குறையலாம். அந்தப் பாதுகாப்பும் கிடையாது.

விற்பவர் நீங்கள் என்றால்?

அதே கணக்குதான், மறுபக்கத்திலிருந்து. உங்கள் காகித மதிப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்கவேண்டாம். விற்பதற்கென்றே புதுச் சாயம் பூசாதீர்கள். துருவை மறைக்கிறார் என்ற சந்தேகம்தான் வரும். கழற்றிவைத்த அசல் பாகங்களைத் தூக்கிப்போடாமல் காரோடு கொடுங்கள். குறைகளைப் படம்பிடித்து விளம்பரத்திலேயே போடுங்கள். பார்க்க வருபவர் குறைவாக இருக்கலாம், ஆனால் வருபவர் வாங்க வருவார்.

சிஓஇ முடியும் கடைசி மாதங்கள் வரை காத்திருக்கவேண்டாம். அப்போது வாங்குபவர் உடனே பெரிய தொகை கட்டவேண்டியிருக்கும். அந்தச் சுமையை உங்கள் விலையில்தான் கழிப்பார்.

இப்போது மறுபடியும் அந்தச் சிவப்புக் காரிடம் போவோம். விலையைக் காகிதம், உடல் என்று பிரித்துவிட்டீர்கள். சான்றிதழ் 10 ஆண்டுடையது என்று உறுதி செய்துவிட்டீர்கள். விரிப்பின்கீழ் ஈரம் இல்லை. ரசீதுக் கோப்பு கையில் இருக்கிறது. விலையும் கணக்குக்குள் வருகிறது. அப்படியானால் தயங்கவேண்டாம். கரையப்போவது எவ்வளவு என்று தெரிந்தே வாங்குகிறீர்கள்.

அந்தக் கணக்கு இன்னும் போடவில்லையா? இன்றைக்கு வருகிற அந்த இரண்டு பேர் வாங்கிக்கொண்டு போகட்டும், பரவாயில்லை.