கப்பலில் வந்த இங்கிலீஷ்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

வரும் விடுமுறையில் ஒருகொடவத்தையில் நம் பிள்ளைகளுக்குப் பத்து நாள் இங்கிலீஷ் முகாம் ஒன்று நடக்க இருப்பது உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து தொண்டர்கள் குழுவாக வருகிறார்கள். டிக்கட் அவர்கள் செலவு, சம்பளம் கிடையாது. படிவம் கொடுத்து ஒரு கிழமை ஆகிவிட்டது. பாதிதான் திரும்பி வந்திருக்கிறது. நேற்று லுஹருக்குப் பிறகு ஒரு உம்மா வந்து நேராகவே கேட்டார்: "சேர், காசும் வாங்காம, டிக்கட்டும் போட்டுக்கொண்டு, எங்கட புள்ளகளுக்குப் படிச்சுக் குடுக்க ஏன் வாராங்க?"

வாட்ஸ்அப்பில் சுற்றி வளைத்துக் கேட்கப்பட்ட இருபது கேள்விகளை விட இந்த ஒரு கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. இந்த நாட்டில் இருநூறு வருடத்துக்கு மேலாகப் பெற்றோர் கேட்டு வரும் கேள்விதான் இது. அதனால் பதிலையும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1814இல் மெதடிஸ்த மிஷனரிகளின் முதல் குழு இங்கிலாந்திலிருந்து இலங்கைக்கு வந்தது. குழுவின் தலைவர் தோமஸ் கோக் வரும் வழியில் கடலிலேயே இறந்துபோனார். மற்றவர்கள் காலியில் கூடி, யார் எந்த ஊருக்குப் போவது என்று பிரித்துக்கொண்டார்கள். வில்லியம் ஓல்ட் என்ற இளைஞருக்கு மட்டக்களப்பு கிடைத்தது. ஒரு வருடம்கூட அவர் அங்கே வாழவில்லை, 1815இல் மரணம். ஆனால் அவர் தொடங்கிய பள்ளிக்கூடம் இன்று மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி.

அடுத்தது அமெரிக்கர்கள். 1815 ஒக்டோபரில் மசசூசெட்ஸில் உள்ள நியூபரிபோர்ட் துறைமுகத்திலிருந்து 'டிரையட்' என்ற சிறு பாய்க்கப்பலில் புறப்பட்டு, 1816 மார்ச்சில் நம் கொழும்பில்தான் வந்து இறங்கினார்கள். ஐந்து மாதக் கடல் பயணம். இங்கே சில மாதம் தங்கியிருந்துவிட்டு யாழ்ப்பாணம் போனார்கள். எட்வர்ட் வாரன் 1818இலும் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் 1822இலும் நோயால் இறந்தார்கள். டானியல் பூவர் 1855இல் கொலராவில் போனார். பெஞ்சமின் மெக்ஸ் மட்டும் நாற்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். இவர்களை நினைக்கும்போது எனக்கு மரியாதை வராமல் இருப்பதில்லை. மார்க்கம் வேறு, அது வேறு விஷயம். தரம் 6க்கு ஐந்து பாடவேளை எடுத்துவிட்டே களைத்துப் போகிறவன் நான்.

அவர்கள் ஏன் வந்தார்கள் என்பதில் ஒளிவு மறைவு இருக்கவில்லை. மதம் பரப்ப வந்தார்கள். அதை வெளிப்படையாகச் சொன்னார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி, 1824இல் உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை. அந்த நாளில் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு விடுதிப் பாடசாலை என்பதே ஆசியாவில் அபூர்வம். வட்டுக்கோட்டையில் இங்கிலீஷோடு தமிழும் கணிதமும் வானியலும் படிப்பித்தார்கள். 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு பட்டதாரிகளும் அந்தச் செமினரியில் படித்தவர்கள்தான்: சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும்.

அந்தக் 'கரோல்' என்ற பெயரைப் பாருங்கள். அமெரிக்காவில் ஒருவர் ஒரு பிள்ளையின் படிப்புக்குப் பணம் அனுப்பினால், அவர் பெயரை இங்கே அந்தப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் இருந்தது. உம்மா வாப்பா வைத்த பெயர் பின்னுக்குப் போய், பார்த்தே இராத ஒருவரின் பெயர் முன்னுக்கு வந்தது. நம் முன்னோர் பயந்தது இதற்குத்தான். அந்தப் பயத்தை அறியாமை என்று சொல்லிச் சிரிப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு சிரிக்கட்டும்.

பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமான இடம். 1855இல் வட்டுக்கோட்டைச் செமினரியை மூடிவிட்டார்கள். மூடியது எதிரிகள் இல்லை, நடத்தியவர்களே. போஸ்டனிலிருந்து பார்வையிட வந்த தலைமைக்கு, பையன்கள் இங்கிலீஷ் படித்துவிட்டு ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போவது பிடிக்கவில்லை. பெற்றோர் பிள்ளைகளை அனுப்பியது ஒரு நோக்கத்துக்கு, அங்கே பணம் கொடுத்தவர்களின் நோக்கம் வேறு. இரண்டும் ஒத்துப்போன வரைக்கும் பள்ளிக்கூடம் ஓடியது. பிறகு உள்ளூர்க் கிறிஸ்தவர்களே முன்னின்று முயன்றதால்தான் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி வந்தது.

மற்றச் சமூகங்கள் இதற்குச் சொந்தமாக வழி தேடின. ஆறுமுக நாவலர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே படிப்பித்தவர். வெளியே வந்து 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் வைத்தார். 1880இல் அமெரிக்கர் ஒல்கொட் வந்து இறங்கினார், 1886இல் பௌத்தர்களுக்கு ஆனந்தா கல்லூரியாக வளர்ந்த பாடசாலை கிடைத்தது. நாம் எங்கே இருந்தோம்? மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவும் இல்லை, சொந்தமாகக் கட்டவும் இல்லை. குர்ஆன் மதரஸாவும் கடையும் போதும் என்று இருந்தோம். பயந்தது நியாயம். பயத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டது நியாயமில்லை. இதைத்தான் கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி எம். சி. சித்திலெப்பை, 1882இல் தொடங்கிய தன் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையில் திரும்பத் திரும்ப எழுதினார். ஏச்சும் வாங்கினார். பெண் பிள்ளைகளுக்குக் கண்டியில் பாடசாலை திறந்தபோது தன் சொந்தச் சகோதரியையே படிப்பிக்க வைத்தார்.

அந்த நேரத்தில்தான் ஒரு கப்பல் வந்தது. 1883 ஜனவரியில் கொழும்பில் இறங்கியவர்கள் தொண்டர்கள் இல்லை, கைதிகள். எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்ற அராபி பாஷாவும் தோழர்கள் ஆறு பேரும். தன் நாட்டைப் பிடித்தவனின் மொழியை அவர்கள் வெறுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஏழு பேரில் ஒருவரான மஹ்மூத் சாமி அல்பாரூதி, அரபுலகமே கொண்டாடும் கவிஞர், எகிப்தின் பிரதமராக இருந்தவர், நாற்பது வயதுக்குப் பிறகு இங்கே இருந்து இங்கிலீஷ் படித்தார். இங்குள்ளவர்களுக்கு அரபும் சொல்லிக் கொடுத்தார். "எனக்கு வயசாகிட்டு சேர், இனி எங்க இங்கிலீஷ்" என்று சொல்லும் வாப்பாமாருக்காக இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

அராபி பாஷாவின் ஆதரவும், சித்திலெப்பையின் எழுத்தும், வாப்பிச்சி மரிக்கார் போன்றவர்களின் பணமும் உழைப்பும் சேர்ந்துதான் 1892 ஆகஸ்ட் 22இல் மருதானையில் ஸாஹிரா உருவானது. பாஷா 1901இல் எகிப்துக்குத் திரும்பிவிட்டார். தோழர்களில் மூவர் இந்த மண்ணிலேயே மௌத்தானார்கள். ஸாஹிரா நின்றது, ஏனென்றால் அதன் சாவி நம் ஆட்களின் கையில் இருந்தது. பிறகு ரி. பி. ஜாயாவும் ஏ. எம். ஏ. அஸீஸும் அதிபர்களாக வந்து அதை எந்த உயரத்துக்குக் கொண்டுபோனார்கள் என்பது வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களே சொல்வார்கள்.

இன்னொரு குழுவையும் சொல்ல வேண்டும், நம் முகாமுக்கு ஆகக் கிட்டியது அதுதான். ஜனாதிபதி கென்னடி 1961இல் அமைதிப் படை என்ற தொண்டர் அமைப்பைத் தொடங்கினார். அடுத்த வருடமே அதன் தொண்டர்கள் இலங்கைப் பாடசாலைகளுக்கு வந்து இங்கிலீஷ் போன்ற பாடங்களை எடுத்தார்கள். மதம் பரப்புவது இவர்களுக்குத் தடை. அப்படியென்றால் பிரச்சினை இல்லைதானே? இருந்தது. 1963இல் எண்ணெய்க் கம்பனி விவகாரத்தில் அமெரிக்கா இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. 1964இல் தொண்டர்களும் போனார்கள். 1967இல் திரும்ப வந்தார்கள், ஆட்சி மாறிய 1970இல் திரும்பப் போனார்கள். நல்ல பிள்ளைகள், நன்றாகப் படிப்பித்திருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் வருவதும் போவதும் அவர்கள் கையிலும் இல்லை, நம் கையிலும் இல்லை. தவணை நடுவில் ஆசிரியர் போய்விட்டால் ஒரு வகுப்பு என்ன ஆகும் என்று எந்த ஆசிரியரையும் கேட்டுப் பாருங்கள்.

இனி அந்த உம்மாவின் கேள்வி. வருகிறவர்களிடம் நானே கேட்டேன், ஏன் வருகிறீர்கள் என்று. சிலர் ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறார்கள், அனுபவம் வேண்டும். சிலருக்கு ஊர் பார்க்கவும் ஆசை. ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், வீட்டில் சும்மா இருக்க முடியவில்லையாம். எழுத்தில் கேட்டேன், எழுத்தில் பதில் தந்தார்கள்: மதம் பேசுவதில்லை, பிள்ளைகளின் படத்தைப் பெற்றோர் கையெழுத்தில்லாமல் எங்கும் போடுவதில்லை, லுஹருக்கு இடைவேளை உண்டு.

பத்து நாளில் ஒரு மொழி வராது. யாராவது வரும் என்று சொன்னால் நம்பாதீர்கள். வரக்கூடியது ஒன்றுதான்: பிழையாகப் பேசினாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்ற தைரியம். என் வகுப்பில் எழுத்துப் பரீட்சையில் எண்பது எடுக்கும் பிள்ளை "வட்ஸ் யுவர் நேம்" என்று கேட்டால் நிலத்தைப் பார்க்கிறது. நானும் அப்படித்தான் இருந்தேன். பயிற்சிக் கல்லூரியில் முதல் தடவை இங்கிலீஷில் பாடம் எடுத்துக் காட்டியபோது கையிலிருந்த சோக்கட்டி ஈரமாகிவிட்டது.

அவர்களிடம் நான் வைத்த நிபந்தனை ஒன்று: ஒவ்வொரு வகுப்பிலும் நம் ஊரைச் சேர்ந்த இரண்டு பேர் கூடவே நிற்க வேண்டும். பாடம் எப்படித் தயாரிக்கிறார்கள், விளையாட்டை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்துப் பழக வேண்டும், பதினோராம் நாள் அதே வகுப்பை நாமே தொடர வேண்டும். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். நம் பக்கம்தான் ஆள் குறைவு. ஆறு வகுப்புக்குப் பன்னிரண்டு பேர் தேவை, இதுவரை ஐந்து பேர் பெயர் தந்திருக்கிறார்கள், அதில் நான்கு பேர் பெண் பிள்ளைகள். ஏ.எல் முடித்துவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் தம்பி, தங்கச்சிமார் இருந்தால் சொல்லுங்கள். இங்கிலீஷ் பெரிதாகத் தெரிய வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பெற்றோர் கூட்டம். வருகிற குழுவின் தலைவர் வீடியோவில் வருவார், கேள்விகளை நேரில் கேட்கலாம். அந்த உம்மாவை முன் வரிசையில் உட்காரச் சொல்லியிருக்கிறேன்.