கருமத்தம்பட்டியில் சூட்டிய மைட்டர்

கோவையிலிருந்து அவிநாசி போகும் தோழர்கள் கருமத்தம்பட்டியைக் கடந்திருப்பீர்கள். 1846 அக்டோபர் 4 அன்று அங்கேதான் மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக் என்ற 32 வயது பிரெஞ்சுக் குரு ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆயரின் அடையாளம் மைட்டர். முன்னும் பின்னும் கூராக உயர்ந்து, பிடரியில் இரண்டு பட்டைகள் தொங்கும் தொப்பி அது. பவனியிலும் இருக்கையில் அமரும்போதும் அணிவார்கள், மன்றாட்டு சொல்லும்போது கழற்றிவிடுவார்கள். 11ஆம் நூற்றாண்டு ரோமில் பரவிய வழக்கம், கொங்கு மண்ணுக்கு 19ஆம் நூற்றாண்டில் வந்தது.

சாதி அதற்கு முன்பே திருச்சபைக்குள் வந்துவிட்டது. 1606இல் மதுரை வந்த ராபர்ட் தெ நொபிலி காவி கட்டி, மேல்சாதியினரைத் தேடிப் போனார். பறையர்களோடு பழகினால் மற்றவர்கள் வரமாட்டார்கள் என்பது கணக்கு. 1744இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட், பறையர்களுக்கென்று தனி மிஷனரிகளை ஒதுக்கும் யோசனைக்கு ஒப்புதல் தந்தார். ஒரே ஞானஸ்நானம், இரண்டு வகைக் குருக்கள்!

பிரெசிலாக்குக்கு இது உறுத்தியது. எந்தச் சாதி வழக்கத்தை அனுமதிப்பது என்பதில் சக மிஷனரிகளோடு ஒத்துப்போகவில்லை. உள்ளூர் குருக்களை உருவாக்க வேண்டும் என்பதிலும் அவர் தீவிரமாக இருந்தார். 1855இல் கோவைப் பொறுப்பைத் துறந்து பிரான்ஸ் திரும்பினார். அடுத்த ஆண்டு லியோனில் ஆப்பிரிக்க மிஷன் சபையைத் தொடங்கி, 1859இல் சியரா லியோனில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். அவரை நம் போராளியாக்க வேண்டியதில்லை. அவருடைய கவலை தலித் விடுதலையைவிட வழிபாட்டு விதிகளைப் பற்றியதாகவே நமக்குப் படுகிறது. ஆனாலும் மனசாட்சிக்காகப் பதவியை விட்ட ஆயர்கள் எத்தனை பேர்?

அந்தத் தொப்பி நம் தலைக்கு வர எவ்வளவு காலமானது என்று பாருங்கள். மரம்புடி ஜோஜி 2000இல் ஐதராபாத் பேராயரானார், நாட்டின் முதல் தலித் கத்தோலிக்கப் பேராயர் அவர். அதே ஐதராபாத்தின் பூலா அந்தோணி 2022 ஆகஸ்ட் 27 அன்று ரோமில் கர்தினாலுக்குரிய சிவப்புத் தொப்பியைப் பெற்றார். முதல் தலித் கர்தினால். கருமத்தம்பட்டிக்குப் பிறகு 176 ஆண்டுகள்.

தொப்பி மாறியதால் எல்லாம் மாறிவிடவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் பிரித்துச் சுவர் எழுப்பினார்கள். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவரைப் பட்டியல் சாதியில் சேர்க்க இன்றும் மறுக்கிறது. சபையும் அரசும் இதில் மட்டும் ஒற்றுமை.

உங்கள் ஊர்க் கோயிலில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், சப்பரத்தை யார் தூக்கினார்கள் என்று பாட்டி தாத்தாக்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். பங்குப் பதிவேட்டில் அதெல்லாம் இருக்காது.