டென்னஸி நதிக்கரையில் பறவையும் கொசுவும்

அமெரிக்காவின் தென்பகுதியில் ஏழு ராஜ்யங்களின் மழைநீரைத் திரட்டிக்கொண்டு ஓடும் டென்னஸி நதியைக் கட்டி ஆள்வதற்கென்று 1933-ஆம் ஆண்டில் ஓர் ஆணையம் ஏற்பட்டபோது, உலகம் அதன் அணைகளையும் மின்சாரத்தையும் பற்றியே பேசிற்று. நம் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகமும் 1948-இல் அதை முன்மாதிரியாகக் கொண்டே உருவாயிற்று. ஆயினும், ஒரே நீர்க்கரையை மனிதரின் ஆரோக்கியத்துக்கும் வலசை வரும் பறவைகளின் ஆகாரத்துக்கும் எவ்வாறு பொதுவாக்குவது என்று அங்கே நடந்த நீண்ட வழக்கே அந்த வரலாற்றில் என் மனத்தை மிகவும் ஈர்ப்பது.

அப்பிரதேசத்தில் பத்துப் பேரில் மூவரை மலேரியாக் காய்ச்சல் வாட்டிய காலம் அது. அங்கு நோயைப் பரப்பிய அனாபிலிஸ் இனத்துக் கொசு சாக்கடையில் பெருகுவதன்று. அசையாத தெளிந்த நீரும் அதில் செடிகொடிகளின் நிழலுமே அதற்கு உகந்தவை. கரையோரத்தில் ஒரு புல்தண்டு நீரைத் துளைத்து மேலே வரும் இடத்தைக் குனிந்து உற்றுப் பார்த்தால், ஒரு துரும்பு கிடப்பதுபோல அக்கொசுவின் புழு நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்து, மூச்சும் இரையும் அங்கேயே பெற்றுக்கொண்டிருப்பது தெரியும். அணைகளின் பின்னே ஆயிரக்கணக்கான மைல் நீளத்துக்குப் புதிய கரை தோன்றியபோது, அத்தகைய தண்டுகள் எத்தனை கோடி முளைக்கும் என்று சுகாதார நிபுணர்கள் கலங்கியதில் வியப்பில்லை.

அவர்கள் கண்ட உபாயம் நீர்மட்டத்தையே ஆயுதமாக்கியது. வசந்தத்தில் நீரைச் சற்று மிகுதியாக ஏற்றி, மிதக்கும் குப்பையைக் கரைமேல் ஒதுக்கிவிட்டு இறக்கினார்கள். பிறகு கோடை முழுவதும் வாரந்தோறும் ஏறக்குறைய ஓரடி தாழ்த்தியும் உயர்த்தியும் வந்தார்கள். நீர் தாழும்போது புழுக்களிற் சில சேற்றில் உலர்ந்து மடிந்தன. செடியின் மறைவை இழந்து வெட்டவெளி நீருக்கு வந்தவை சிறு மீன்களுக்கு இரையாயின. போதாத இடங்களில் ‘பாரிஸ் பச்சை’ என்னும் பாஷாணத் தூளை விமானத்திலிருந்து தூவினார்கள்.

ஆனால் இவ்வாறு நீர் ஏறி இறங்கிச் செடி தழையாமற்போன கரையில் வாத்து எதை உண்ணும்? பறவைகளின் பக்ஷத்தில் வாதாடியவர்களின் இந்தக் கேள்வி நியாயமானதே. அலபாமாவில் வீலர் அணை 1936-இல் முடிந்தது; இரண்டே ஆண்டில், 1938-இல், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அந்நீர்த்தேக்கத்தின் ஒரு பெரும் பகுதியைப் பறவைச் சரணாலயமாக்கியதால், சுகாதாரக்காரரும் பறவைக்காரரும் ஒரே கரையில் எதிரெதிரே நிற்க நேர்ந்தது.

இருவரையும் இணக்கியது பருவகாலமே. கொசு பெருகுவது கோடையில். வடதிசையிலிருந்து வாத்துகளும் கனடா வாத்துகளும் இறங்குவது இலையுதிர் காலத்துக்குப் பின். ஆகவே தாழ்ந்த பகுதிகளுக்குக் கரை கட்டி, கோடை தொடங்குமுன் பம்புகளால் நீரை இறைத்துவிட்டார்கள். நீரின்றிப் புழு இல்லை; ஈரமண்ணில் காட்டுத் தினையும் வேறு விதைப்புற்களும் தாமே முளைத்தன, சோளமும் விதைக்கப்பட்டது. குளிர் வந்ததும் மதகைத் திறந்து, முற்றிய விதைகளின்மேல் ஆழமில்லாத நீரைப் பரப்பினார்கள். ஒரு பக்ஷம் தோற்று மறுபக்ஷம் வென்ற சமரசமன்று இது. இரு உயிர்களின் வாழ்க்கை முறையையும் பொறுமையாகக் கற்றவர்களுக்கு மட்டுமே புலப்பட்ட வழி. 1940-களின் இறுதிக்குள் பள்ளத்தாக்கில் மலேரியா ஏறக்குறைய மறைந்துவிட்டது. அப்பெருமை முழுவதையும் டி.டி.டி. மருந்துக்கே சூட்டுவோர் உளர். அம்மருந்து வருமுன்பே நோய் வெகுவாகத் தணிந்துவிட்டதென்பதை அவர்கள் மறக்கலாகாது.

வீலர் சரணாலயத்து வயல்களை அக்கம்பக்கத்து விவசாயிகளே வாரத்துக்கு உழுது பயிரிடும் ஏற்பாடும் உண்டு; நிலத்துக்குரிய பங்கை அவர்கள் களஞ்சியத்தில் அளப்பதில்லை, குளிர்காலத்துப் பறவைகளுக்காக அறுக்காமல் வயலிலேயே விட்டுவிடுகிறார்கள்.