பொம்மனஹள்ளி வட்டாரத்துப் பசுமை வெளிகளும் சந்தன மரமும்

பெங்களூருவின் தென்பகுதியில் ஓசூர்ச் சாலையை ஒட்டிய பொம்மனஹள்ளி, 2007ஆம் ஆண்டில் மாநகராட்சியுடன் இணைக்கப்பெற்றது. அதன் பழைய நில அமைப்பை அறியத் தமிழ்க் கல்வெட்டே துணைசெய்கின்றது. அடுத்துள்ள மடிவாளாச் சோமேசுவரர் கோயிலின் கி.பி. 1247ஆம் ஆண்டுக் கல்வெட்டு, இன்று பேகூர் எனப்படும் வேப்பூரின் மக்கள் பெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழுள்ள நிலத்தைக் கொடையளித்த செய்தியைத் தருகின்றது. நகரப் பெயரின் தொன்மைக்குச் சான்றாக இதனை எடுத்துக்காட்டுவோர் பலர். அதில் வரும் ஏரியைக் கருதுவோர் சிலரே. ஏரியும் வயலும் ஊர்ப்பொதுத் தோப்பும் இணைந்ததே அந்நாளைய ஊர் எனலாம். 'குண்டு தோப்பு' என வழங்கும் அத்தோப்புகளில் மாவும் புளியும் நாவலும் பலாவும் நின்றன. இத்தகைய தோப்புகளின் ஓரப் புதர்களும் வேலிகளும் சந்தனம் தானே முளைத்தற்குரிய இடங்களாகும்.

சங்க இலக்கியம் 'ஆரம்' எனச் சுட்டும் இம்மரத்தை அகிலுடன் மலைக்குரியதாகவே எண்ணிப் பழகியுள்ளோம். ஆயின் தக்காணத்தின் வறண்ட இலையுதிர் காடுகளும் அதன் இயல்பான வாழிடமே. சந்தனம் அரை ஒட்டுண்ணி வகையைச் சார்ந்தது. இளங்கன்றின் வேர் அண்டைச் செடியின் வேரைப் பற்றி நீரும் உணவும் கொள்ளும். இதனாலேயே நாற்றங்காலில் துவரையை உடன் வளர்க்கின்றனர். குயில் முதலிய பறவைகள் கனியை உண்டு விதையைப் புதர்களில் இடுகின்றன. துணைச்செடியும் நிழலும் வாய்க்கும் அவ்விடத்திலேயே கன்று பிழைக்கின்றது. புதரை நீக்கிப் புல்தரை விரித்த பூங்காவில் ஒரு சந்தன மரத்தை நட்டு வளர்த்தல் இயலும். அதன் வழித்தோன்றல் அங்கு நிலைத்தல் அரிது.

இம்மரத்தின் அருமைக்கு நோயும் ஒரு காரணம். 1899இல் குடகில் கண்டறியப்பட்ட கூரிலை நோய் எண்ணற்ற மரங்களை அழித்தது. எனினும் குடியிருப்புகளிலிருந்து சந்தனம் விலகியதற்குச் சட்டமே பெருங்காரணம் என்று கருதத்தக்கது. 1792இல் திப்பு சுல்தான் அதனை அரச மரமாக அறிவித்தார். அவ்வுரிமையைப் பின்வந்த மைசூர் அரசும் விடவில்லை. 1916இல் பெங்களூரில் சந்தன எண்ணெய் ஆலை நிறுவப்பட்டபின் அரசுக்கு அதன் மதிப்பு மேலும் உயர்ந்தது. தன் நிலத்தில் முளைத்த மரம் தனதன்று. அதற்கு ஊறு நேரின் விளக்கம் கூறும் பொறுப்பு மட்டும் தனது என்னும் நிலையில், கன்றைக் கண்டவுடன் பிடுங்கி எறிவதே குடியானவனுக்குப் பாதுகாப்பாயிற்று. காக்க எழுந்த சட்டமே வேரறுத்தது. கருநாடகம் 2001இலும் தமிழ்நாடு 2002இலும் நிலவுடைமையாளர்க்கு மரத்தின் உரிமையை வழங்கின. வெட்டுதற்கு அரசின் இசைவு வேண்டும் என்னும் கட்டுப்பாடு தொடர்ந்தது. இதற்கிடையே, 1998இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் சந்தனத்தை அழிவுக்கு இலக்காகக்கூடிய இனங்களுள் சேர்த்திருந்தது. பின்னைய மதிப்பீட்டிலும் அந்நிலை மாறவில்லை.

நகரப் பசுமை வெளிகளில் இன்று எஞ்சிய இடர் திருட்டு. கப்பன் பூங்கா, இந்திய அறிவியல் கழக வளாகம் ஆகிய காவலுள்ள இடங்களிலும் சந்தன மரங்கள் வெட்டப்பட்டுள்ளன. வைரம் பாய்ந்த முதிர்ந்த மரமே திருடரின் இலக்கு. நன்கு விதை தருவதும் அதுவே. வேரிலும் எண்ணெய் உண்டாதலின் வேரோடு அகழப்படும்போது, வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும் வாய்ப்பும் அற்றுப்போகின்றது.

ஒற்றை மரத்தை வேலியிட்டுக் காப்பதினும் தோப்பை முழுமையாகக் காத்தல் பயனுடைத்து என்பதற்கு அதே நகரின் வடபால் ஒரு சான்றுண்டு. தேவனஹள்ளியை அடுத்த நல்லூர்ப் புளியந்தோப்பு, 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்கீழ், 2007இல் இந்தியாவின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. புளி அரிய மரமன்று. ஆயினும் சுமார் 53 ஏக்கர் நிலம் முழுதும் காப்புப் பெற்றது. பொம்மனஹள்ளி நகராட்சி மாநகரோடு இணைந்ததும் அதே ஆண்டில்தான். மடிவாளா, பேகூர் ஏரிகளின் கரைகளில் நடைபாதைக்கு அப்பால் சிறிதளவு புதரை விட்டுவைப்பின், பறவை கொணரும் விதைக்கு அங்கே இடமுண்டு.