இலக்கணம் போன வழியும் வந்த வழியும்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய யான் ஆங்கிலம் கற்றது, ரென், மார்ட்டின் என்னும் இருவர் 1930களில் இயற்றிய இலக்கண நூலால். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்குதல் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆயினும், வேலைக்கு வந்த புதிதில், வடநாட்டு நிலையமொன்றின் விசாரணைக் கவுண்டரில் அயல்நாட்டார் ஒருவர் வண்டி ஏன் தாமதமென வினவியபோது நா எழவில்லை. விதிகள் யாவும் நினைவில் நின்றன, வாக்கியம்தான் வரவில்லை.

இக்குறையை அறிஞர் உணராதிருக்கவில்லை. இங்கிலாந்தில் வில்கின்ஸ் என்பார் 1976இல் எழுதிய நூலில், பாடத்தை இலக்கண வரிசையில் வைக்காது, கேட்டல், மறுத்தல், வேண்டுதல் முதலிய பேச்சுத் தேவைகளின் வரிசையில் வைக்கலாமென்றார். நம் தென்னாட்டில் என். எஸ். பிரபு அதனினும் துணிந்தார். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களின் பள்ளிகள் சிலவற்றில், விதியொன்றும் முன்கூட்டி உரைக்காது, மாணவர் அறிவுக்கு வேலை தரும் பணிகளாலேயே கற்பித்தார். அவற்றுள் ஒன்று இரயில் கால அட்டவணையைப் பார்த்து விடை காண்பது! நம் பிழைப்பே பாடமானதைப் படித்தபோது எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது. 1985இல் வெளிவந்த மதிப்பீட்டில், பொதுவாக, இலக்கண அமைப்புத் தேர்வில் பழைய முறையினரும், பொருள் உணரும் தேர்வில் பிரபுவின் மாணவரும் முந்தினர்.

பேச்சு மட்டும் போதுமா? கனடாவின் கியூபெக்கில் 1965இல் தொடங்கிய வகுப்புகளில் ஆங்கிலக் குழந்தைகள் பாடங்களைப் பிரெஞ்சில் கற்றனர். பல்லாண்டு சென்றும், சரளமாகப் பேசிய அவர்தம் வாயில் பால் வேறுபாடும் வினை வடிவமும் பிழைபட்டே நின்றன. ஆகவே வெளியே நிறுத்தப்பட்ட இலக்கணம் மீண்டும் அழைக்கப்பட்டது. ஆனால் பழைய நாற்காலியில் அன்று. பேச்சு இடறும் இடத்தில் மட்டும் ஆசிரியர் வடிவத்தைச் சுட்டிவிட்டு உடனே பேச்சுக்குத் திரும்பவேண்டுமென்று மைக்கேல் லாங் 1991இல் எழுதினார்.

என் மகள் கல்லூரியில் முதலாண்டு மாணவி. நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் சொன்னாளாம். ஆசிரியை கடிந்துகொள்ளாது, அவள் வாக்கியத்தையே இறந்தகாலத்தில் திருப்பிச் சொல்லி, “அப்புறம்?” என்றாராம். இரவு அவள் என் பழைய நூலைக் கேட்டு வாங்கி, இறந்தகாலப் பக்கத்தைப் புரட்டினாள். நான் எதிரே அமர்ந்து, வண்டி ஏன் தாமதமென்பதை அவளிடம் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன்.