தொண்ணூறு இருக்கைகள்

ஆரணி என்று சொன்னதும் எல்லோரும் பட்டுச் சேலை என்ன விலை என்று கேட்பார்கள். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. எங்களுடையது திருவள்ளூர் மாவட்டம், பெரியபாளையத்துக்குப் பக்கம், புதுவாயல் போகிற சாலையில் இருக்கிறது. ஆந்திராவில் பிறந்து பழவேற்காட்டுப் பக்கம் கடலைத் தேடிப் போகிற ஆரணியாறு எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. வருஷத்தில் பாதி நாள் அதில் மணல்தான் இருக்கும். ஊருக்கு ரயில் கிடையாது. ரயில் வேண்டுமென்றால் பொன்னேரிக்கோ கவரைப்பேட்டைக்கோ போகணும். ஆனாலும் எனக்கு ரயில் பைத்தியம். கூடவே கஞ்சத்தனமும் உண்டு. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

டிக்கெட் போடும்போது ஒரு சின்னக் கட்டம் வரும். காலி இருந்தால் மேல் வகுப்புக்கு மாற்றச் சம்மதமா என்று கேட்கும். கூடுதலாக ஒரு பைசா தர வேண்டாம். லாலு பிரசாத் ரயில்வே அமைச்சராக இருந்தபோது வந்த ஏற்பாடு அது. நான் அந்தக் கட்டத்தில் டிக் அடிக்காமல் இதுவரை டிக்கெட் போட்டதே இல்லை. பல வருஷமாக லாட்டரிச் சீட்டு வாங்குபவன் மாதிரி அடித்துக்கொண்டே இருந்தேன். போன வருஷம் புவனேஸ்வரிலிருந்து திரும்பும்போது விழுந்தது. ஸ்லீப்பர் டிக்கெட், மூன்றாம் ஏசியாகிவிட்டது. காகித உறையில் மடித்து வைத்த வெள்ளை விரிப்பு, போர்வை, தலையணை. யாராவது வந்து பிடுங்கிக்கொள்வார்களோ என்ற பயத்தில் பாதி ராத்திரி தூங்கவில்லை.

தூங்காமல் கிடந்தபோது ஓடியதுதான் மீதியெல்லாம்.

தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம், இன்றைய வாலாஜா ரோடு வரைக்கும் போனது. அந்தக் காலத்திலேயே பெட்டிகளுக்கு வகுப்பு உண்டு. இந்தியர்கள் சாதி பார்ப்பார்கள், ஒரே பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள், ரயில் ஓடாது என்று சில வெள்ளைக்காரர்கள் நினைத்தார்கள். நம்மாட்கள் அவர்களை ஏமாற்றிவிட்டார்கள். மலிவான டிக்கெட் என்றதும் முண்டியடித்து ஏறினார்கள். கம்பெனிக்காரர்கள் பட்டுத்திண்டும் கண்ணாடியும் வைத்து அலங்கரித்த முதல் வகுப்பு காலியாக ஓட, மூன்றாம் வகுப்புதான் பயணிகள் வருமானத்தின் பெரும் பங்கைக் கொண்டுவந்து கொட்டியது. சொகுசுக்காரர்களின் திண்டுக்கும் சேர்த்துப் பலகையில் உட்கார்ந்தவன் பணம் கட்டினான் என்பதுதான் இந்திய ரயில்வேயின் முதல் நூறு வருஷக் கணக்கு.

ஆனால் சாதி இறங்கிப் போய்விடவில்லை, ஸ்டேஷனில் காத்திருந்தது. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். பெரியார் இயக்கம் தொடர்ந்து கத்திய பிறகுதான் 1941ல் அது போனது. கையில் முதல் வகுப்பு டிக்கெட் இருந்தாலும் சாப்பாட்டு அறைக்கு வேறு டிக்கெட் தேவைப்பட்டது. அதைப் பிறப்பில் மட்டும்தான் வாங்க முடியும்.

முதல் வகுப்பு டிக்கெட் என்றதும் எல்லோருக்கும் 1893ல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் இறக்கிவிடப்பட்ட காந்திதான் ஞாபகம் வருவார். எனக்கு அவரைவிட 1917 காந்தியைப் பிடிக்கும். அந்த வருஷம் செப்டம்பரில் அவர் பம்பாயிலிருந்து சென்னைக்கு மெயிலில் மூன்றாம் வகுப்பில் வந்தார். கட்டணம் 13 ரூபாய் 9 அணா. 22 பேருக்கான பெட்டி, அதுவும் உட்காரத்தான். நடுவில் இரண்டு ராத்திரி. வழியில் ஒரு தடவைகூட யாரும் பெட்டியைப் பெருக்கவில்லை என்று எழுதி, அதோடு ஒரு கணக்கும் போட்டார். முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப் போல ஐந்து மடங்குக்கு மேல். அப்படியென்றால் அங்கே கிடைக்கிற வசதியில் ஐந்தில் ஒரு பங்காவது இங்கே வரணும் இல்லையா? பத்தில் ஒரு பங்காவது வருகிறதா? கஞ்சன் போடுகிற கணக்கு இதுதான். சொகுசு தப்பு என்றெல்லாம் அவர் அந்த இடத்தில் பேசவில்லை. நான் கொடுத்த காசுக்கு என் பங்கு எங்கே என்று கேட்டார், அவ்வளவுதான். அந்த மெயில் அரக்கோணம், திருவள்ளூர் வழியாகத்தான் சென்னைக்கு வந்திருக்கும். எங்கள் மாவட்டத்தைத் தாண்டும்போது அவர் காலை நீட்டக்கூட இடமில்லாமல் இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

கடலிலும் இதே கதைதான். 1926ல் ஓட ஆரம்பித்த ரஜுலா கப்பல் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனது. தனி அறைக்காரர்கள் கொஞ்சம் பேர். மேல்தளத்தில் பாய் விரித்துப் போகிறவர்களுக்கு ஆரம்பத்தில் 5,000க்கும் மேல் அனுமதி இருந்தது. மலேயாவைக் கட்டிய தமிழர்களில் ஏகப்பட்ட பேர் அந்தத் தளத்தில் வாந்தியெடுத்துக்கொண்டு போனவர்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு மாறியதா? மாறியது, அதுவும் வேடிக்கையான வரிசையில். 1971ல் மன்னர் மானியத்தை ஒழித்தார்கள். 1974ல் மூன்றாம் வகுப்பை ஒழித்தார்கள், அதாவது அந்தப் பெயரை. பலகை அதே பலகைதான், எண் மட்டும் இரண்டு. பலகையின் மேல் உண்மையாகக் கை வைத்தவர் மது தண்டவதே. 1977ல் ஜனதா ஆட்சியில் ரயில்வே அமைச்சராக வந்தவர், இரண்டாம் வகுப்புப் படுக்கைகளுக்கு இரண்டு அங்குல நுரைமெத்தை போட வைத்தார். அதே டிசம்பரில் பம்பாய்க்கும் ஹவுராவுக்கும் நடுவில் வகுப்பே இல்லாத கீதாஞ்சலி எக்ஸ்பிரஸைவிட்டார். இந்திய ரயில்வே வரலாற்றில் ஒரே ஒரு சொகுசுக்கு நான் சிலை வைக்கலாம் என்றால் அந்த இரண்டு அங்குலத்துக்குத்தான் வைப்பேன். இன்றைக்கு ஸ்லீப்பரில் முதுகு நோகாமல் படுக்கிற ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள். ஆனால் யாருக்கும் பெயர் தெரியாது.

பிறகு 1982 குடியரசு தினத்தன்று மகாராஜா திரும்பி வந்தார், இந்தத் தடவை டிக்கெட் கிழித்துக்கொடுக்கிற ஆளாக. ராஜஸ்தான் சுற்றுலாத் துறையும் ரயில்வேயும் சேர்ந்து பேலஸ் ஆன் வீல்ஸ் ரயிலைவிட்டார்கள். மன்னர்கள் பயன்படுத்திய பழைய சலூன் பெட்டிகளையே துடைத்து எடுத்து ஓட்டினார்கள். மானியத்தை நிறுத்திப் பதினோரு வருஷத்தில் அவர்களுடைய படுக்கையை வாடகைக்கு விட்டுவிட்டோம். 2008ல் கர்நாடகத்தின் கோல்டன் சாரியட், 2010ல் மகாராஜாஸ் எக்ஸ்பிரஸ். இந்தக் கடைசி ரயில்தான் உச்சம். 23 பெட்டிகள். ரங் மஹால், மயூர் மஹால் என்று இரண்டு உணவகங்கள். நவரத்னா என்ற அறைக்கு ஒரு முழுப் பெட்டி, அதற்குள் குளியல் தொட்டி. கட்டணம் லட்சங்களில். படங்களைப் பார்க்காத ரயில் பைத்தியம் இருக்க முடியாது, நானும் ராத்திரி ராத்திரியாகப் பார்த்திருக்கிறேன். பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் அந்த 23 பெட்டி ரயிலில் போகக்கூடியவர்கள் மொத்தம் 90 பேருக்கும் குறைவு. பழைய நீலநிற ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டி ஒன்றில் உள்ள இருக்கைகள் 90. அதாவது மகாராஜாஸ் எக்ஸ்பிரஸின் அத்தனை விருந்தினர்களையும் ஒரு ஜெனரல் பெட்டியில் உட்கார வைத்துவிடலாம், யாரும் நிற்க வேண்டியதில்லை.

நடுவில் இன்னொரு சமாதானமும் நடந்தது. 2006ல் வந்த கரீப் ரத், ஏழையின் ரதம். எல்லாம் ஏசி, கட்டணம் குறைவு. எப்படிக் குறைந்தது என்றால், பக்கவாட்டில் இரண்டு படுக்கை இருக்கிற இடத்தில் மூன்றைச் செருகினார்கள், போர்வைக்குத் தனியாகக் காசு கேட்டார்கள். நான் அந்த நடுப் படுக்கையில் போயிருக்கிறேன். சவப்பெட்டிக்கு ஜன்னல் வைத்த மாதிரி இருக்கும். ஆனாலும் போனேன், மறுபடியும் போவேன். காசு கணக்கு.

எங்கள் பக்கத்துத் தண்டவாளம் 1899ல் வந்தது. சென்னையையும் விஜயவாடாவையும் இணைத்த பாதை. கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயில் 1979ல். பிறகு சிப்காட், இரும்பு உருக்காலைகள், ரோலிங் மில்கள். அந்த ஆலைகளுக்கு ஆள் இந்தப் பாதையில்தான் வருகிறது. ஒடிசா, வங்காளம், பீகார், ஜார்கண்ட் பையன்கள், ஹவுரா பக்கத்து வண்டிகளின் முன்பதிவில்லாப் பெட்டிகளில் ஒன்றரை நாள், இரண்டு நாள் நின்றும் குந்தியும் வந்து சேர்கிறார்கள்.

2023 ஜூன் 2ஆம் தேதி சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் சரக்கு ரயில்மீது மோதியது. 290க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். முன்பதிவு செய்தவர்களுக்குப் பட்டியல் இருந்தது. பெயர், வயது, படுக்கை எண். முன்பதிவில்லாப் பெட்டியில் இருந்தவர்களுக்கு எந்தத் தாளிலும் பெயர் இல்லை. டிஎன்ஏ பரிசோதனை வரைக்கும் போனார்கள். கடைசியில் யாரும் உரிமை கோராத 28 உடல்களை அக்டோபரில் புவனேஸ்வரில் எரித்தார்கள். அதுவரைக்கும் சொகுசு என்றால் ஏசி, மெத்தை, சாப்பாடு என்றுதான் நினைத்திருந்தேன். செத்தால் வீட்டுக்குத் தகவல் போகும் என்பதும் அந்த டிக்கெட் விலைக்குள் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. அவர்களில் யாராவது கும்மிடிப்பூண்டிக்கு வரவேண்டியவனாக இருந்திருப்பானா? மில் வாசலில் யாராவது, அவன் வரல, வேற ஆளப் போடு என்று சொல்லியிருப்பார்களா?

என் இலவச ஏசி வண்டி கும்மிடிப்பூண்டியில் நிற்காது. ஆனால் அன்றைக்குக் காலையில் சிக்னலுக்காக நின்றது. கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், முன்பக்கத்து ஜெனரல் பெட்டியிலிருந்து ஏழெட்டுப் பையன்கள் தண்டவாளப் பக்கமாகக் குதித்தார்கள். ஒருவன் பையை வீச, இன்னொருவன் பிடித்தான். பிளாஸ்டிக் வாளி ஒன்றும் வந்து விழுந்தது. சரளைக் கல்லில் நடந்து, வேலி சந்தைத் தாண்டி, பத்து நிமிஷத்தில் ரூமுக்குப் போயிருப்பார்கள். எனக்கும் அங்கேதான் இறங்கணும். கதவருகே போனேன். கோட்டு போட்ட ஒருவர், "இங்க ஸ்டாப் இல்ல சார்" என்றார். அந்த "சார்" கேட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். கவரைப்பேட்டை, பொன்னேரி எல்லாம் சத்தமே இல்லாமல் ஓடின. சென்ட்ரல் வரைக்கும் போய், பக்கத்திலேயே மின்சார ரயில் பிடித்து, வந்த வழியே ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டு திரும்பினேன். முதல் வகுப்புப் பெட்டி காலியாகத்தான் இருந்தது. 2022 மே மாதம் அதன் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தார்கள், இருந்தாலும் எனக்குக் கட்டுப்படியாகாது.

வீட்டு வாசலில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏசியிலயாடா வந்த? எவ்ளோ?"

"ஓசிப்பா. அவங்களா மாத்திக் குடுத்தாங்க."

"சோறு போட்டாங்களா?"

"இல்லப்பா. போர்வை குடுத்தாங்க."

"அதத் திருப்பி வாங்கிட்டாங்களா?"

"வாங்கிட்டாங்க."

"அப்புறம் என்ன ஓசி" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பினார்.