தூக்கத்தைத் தாளில் எழுதி வைக்க முடியுமா?

கோவாவின் பனாஜிக்குப் போனவர்கள், பழைய தலைமைச் செயலகத்தின் அருகே ஒரு வெண்கலச் சிலையைப் பார்த்திருப்பீர்கள். அங்கி அணிந்த பாதிரியார் கைகளை நீட்டி நிற்கிறார். அவர் முன்னே ஒரு பெண் சாய்ந்து விழுகிறாள். பேய் ஓட்டுகிறார் என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அவர் அபே ஃபாரியா. 1756-இல் கோவாவின் காண்டோலிமில் பிறந்தவர். ஹிப்னாடிசம் என்கிற அறிதுயிலின் வரலாற்றில் நம் மண்ணின் பெயர் ஒன்று உண்டென்றால் அது இவருடையதுதான்.

இவருக்கு முன்னால் மெஸ்மர் என்ற டாக்டர் பாரிசில் பெரும்புகழ் பெற்றிருந்தார். எங்கும் பரவியுள்ள ஒரு காந்தத் திரவத்தை நோயாளியின் உடம்பில் செலுத்துவதாகச் சொல்லிக் கைகளை அசைப்பார். 1784-இல் மன்னர் அமைத்த குழு இதை ஆராய்ந்தது. பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் லவாய்சியரும் அதில் இருந்தார்கள். திரவம் எதுவும் இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று முடிவு சொன்னார்கள்.

ஃபாரியா 1813-இல் பாரிசில் கூட்டம் கூட்டிச் செய்து காட்டினார். ஆளை உட்கார வைத்து, கண்ணை மூடித் தூக்கத்தை நினைக்கச் சொல்லி, பிறகு “தூங்குங்கள்” என்பார். சக்தி என்னிடம் இல்லை, தூங்குகிறவரிடமே இருக்கிறது என்பது அவர் கட்சி. பாரிஸ் நாடகமேடை அவரைக் கேலி செய்தது. 1819-இல் வறுமையில் இறந்தார்.

ஆனால் கை அசைவிலிருந்து சொல்லுக்கு வந்தது அவரோடு நிற்கவில்லை. பிரான்சில் எமில் கூவே என்ற மருந்துக்கடைக்காரர், மருந்தோடு நம்பிக்கையான ஒரு வார்த்தையும் கொடுத்தால் குணம் கூடுவதைக் கவனித்தார். நாளுக்கு நாள் நான் தேறி வருகிறேன் என்ற பொருளில் ஒரே ஒரு வாக்கியத்தை எழுதித் தந்தார். காலையும் இரவும் 20 முறை சொல்ல வேண்டும். எண்ணுவதற்கு 20 முடிச்சுப் போட்ட கயிறு. நம் ஜபமாலை மாதிரிதான். 1932-இல் ஜெர்மன் டாக்டர் ஷுல்ட்ஸ், கை கனக்கிறது, கை வெதுவெதுப்பாகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சிறு வாக்கியங்களை முறைப்படுத்தினார். 1959-இல் ஸ்டான்ஃபோர்டில் வைட்சென்ஹோஃபரும் ஹில்கார்டும் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். அதில் நடத்துபவர் சொல்ல வேண்டியது முழுவதும் அச்சிட்டிருக்கும். அதை அப்படியே வாசிக்க வேண்டும்.

இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். யார் வாசித்தாலும் வேலை நடக்கிறது என்றால், வாசிப்பவர் கண்ணில் மந்திரம் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். ஃபாரியா சொன்னதும் அதுதானே!

என் நண்பர் ஒருவர், தூக்கம் வரவில்லை என்று ஒரு ‘வசிய நிபுணரிடம்’ பென்ஷன் பணத்தில் பெரும்பகுதியைக் கொடுத்தார். அவருக்காகத்தான் இதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை வைத்து அவருக்கு எட்டு வரி எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது புரிந்துகொண்டவை இவை.

முதலில், உண்மையில் இருப்பதைச் சொல்ல வேண்டும். முதுகு கட்டிலில் படுகிறது, மூச்சு உள்ளே போகிறது, வெளியே வருகிறது. மறுக்க முடியாத இரண்டு வரிகளுக்குப் பிறகு, கை கனக்கிறது என்ற மூன்றாவது வரியை மனம் எளிதாக ஏற்றுக்கொள்கிறது. ‘வலிக்காது, கவலை வராது’ என்று எழுதக்கூடாது; வலியைத்தான் அது ஞாபகப்படுத்தும். ‘தூங்கியே ஆக வேண்டும்’ என்றும் கூடாது. முயற்சி செய்யச் செய்ய தூக்கம் ஓடும் என்பதைக் கூவேயும் சொல்லியிருக்கிறார். வாக்கியங்கள் சிறியவையாக, வீட்டில் பேசும் தமிழில் இருக்க வேண்டும். சொன்ன சொல்லே திரும்ப வரலாம், தாலாட்டில் வருவதில்லையா?

வாசிப்பதற்குக் கண் திறந்திருக்க வேண்டும், தூங்குவதற்கு மூட வேண்டும். அதனால் மூன்று முறை மெதுவாக வாசித்துவிட்டு, தாளை வைத்துவிட்டு, ஞாபகம் இருக்கும் வரிகளை மட்டும் மனதுக்குள் ஓட்டச் சொன்னேன். வரி விட்டுப்போனால் பரவாயில்லை.

நண்பர் இப்போது பெரும்பாலான இரவுகளில் நான்காவது வரியைத் தாண்டுவதில்லையாம். எல்லோருக்கும் இது ஒரே மாதிரி பலிக்காது. டாக்டர் கொடுத்த மாத்திரையை இதற்காக நிறுத்தவும் வேண்டாம். ஆனால் உங்கள் எட்டு வரியை நீங்களே எழுதிக்கொள்ளலாம். அதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.